கடைசியில நிக்கறவன்

அசையாதடா இருதயராஜு, காலுக்கு வச்சுக் கட்டுன மூங்கி பத்தை நவுந்துடப் போவுது. அப்புறம் டாக்டரம்மா என்னத்தான் வையும். இந்தா, வறுத்த மல்லாட்டை. மென்னுக்கினே கேளு.

ஆட்டத்துல எங்க தப்புன்னா கேக்கற? சண்டைக்குப் போற அமெரிக்கா சோல்ஜருங்க, ரயிலு நின்னுபோன நாலு நாள்ல நமக்கு எவ்ளோதான் சொல்லித் தருவாங்க? நம்மளுது சடுகுடு புத்தி. முட்டையாட்டம் அந்தப் பந்து எவன் கையில இருக்குதோ, அவன் மேலயே மொத்தப் பேரும் வுழுவோம். அவன் தூர ஓடறவனுக்குத் தூக்கிப் போட்டுட்டு நிப்பான். அதுக்குத்தானே சார்ஜன்ட்டு குச்சியால மண்ணுல கோடு போட்டுக் காட்டுனான்? முன்னாடி நாலு பேரு முட்டணும். நடுவுல இருக்கறவனுங்க ஆளுக்கு ஒருத்தன ஒட்டிக்கினே ஓடணும். கடைசியில ஒருத்தன் நிக்கணும், அவன் தலையத் தாண்டி பந்து போவக் கூடாது. அது நீ. உங்கண்ணன் தேவசகாயம் 'ஏறு'ன்னு கொரல் குடுத்தாத்தான் முன்னால வரலாம்.

தெரியும்டா, உன் காதுல அவன் கொரலு வுழுந்துது, முன்னால ஏறுன. பந்து தலைக்கு மேல போயிடிச்சி. திரும்பி ஓடி, தண்டவாளக் கட்டை அடுக்குல மோதி, காலு ரெண்டு துண்டு. நான் மட்டுமா சிரிச்சேன்?

ஒரு மாசமா உங்கண்ணன் விழுப்புரத்துலேருந்து திண்டிவனத்துல இந்த ஆஸ்பத்திரிக்கு, பெட்ரோலு இல்லாம கரியில ஓடற பஸ்ஸுல கஞ்சி தூக்கிக்கினு வந்தான். நீ செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவ. அவன் கெஞ்சுவான்: 'தம்பீ, நான் கொரலே குடுக்கலடா, மாதா மேல ஆணை...' மூக்கு உறிஞ்சறது கூட அவனாட்டமே வந்துச்சா எனக்கு? சரி சரி, வுட்டுட்டேன்.

இன்னிக்கு ஏன் வரலியா? இனிமே வர மாட்டான்டா. அஸ்ஸாமுல ரோடு போட ஆளு எடுத்தாங்கல்ல, கைநாட்டு வச்சிட்டு காலைல ரயிலேறிட்டான். என்னப் பாத்து, 'சீனுவாசா, தம்பியே மொகம் பாக்கல, எனக்கு ஊரு எதுக்கு'ன்னான். மூட்டைய ஏத்தி வுட்டதே நான்தான். அங்க காட்டுக் காய்ச்சல்ல பாதிப் பேரு திரும்பறதில்லயாம்.

எழுந்திரிக்காத, வுழுந்துடுவ. ரயிலு இந்நேரம் மெட்ராஸத் தாண்டியிருக்கும்.

அன்னிக்கு அவன் கொரல்ல 'ஏறு'ன்னு கத்துனது அவன் இல்ல, நான். கோட்டுக்கு வெளிய நின்னுக்கினு, சும்மா ஒரு தமாஷுக்கு. முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க ராசியாயிடுவீங்க. சொல்லாமயே வுட்டாலும் பேஜாரு, அவன் கொரலு எனக்கு எவ்ளோ அச்சா வந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்? சொல்லுடா, கூடப் பொறந்த உனக்கே வித்தியாசம் தெரியல இல்ல?