இரண்டு விரல்களின் சத்தம்

மதியம் மூன்று மணி. ராத்திரி இல்லை... மதியம். அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும், புளியமரத்தில்தான் உட்காரும் என்று உங்களுக்கெல்லாம் யார் சொன்னது?

பொள்ளாச்சியைத் தாண்டி, ஆனைமலை ரோட்டிலிருந்து பிரிந்து போகிற தோப்புப் பாதை. இரண்டு பக்கமும் தென்னை. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது. அதில் சபரீஷ் பைக்கில் போய்க்கொண்டிருக்கிறான். தனியாக.

சபரீஷ் யார் என்று குறுக்கே கேட்காதீர்கள், நானே சொல்கிறேன். காந்திபுரத்தில் நான் தங்கியிருக்கும் லாட்ஜில் பக்கத்து அறைக்காரன். செல்போன் கடையில் வேலை. கதை கட்டத் தெரியாது அவனுக்கு. இது அவன் தங்கச்சி வீட்டுக்காரருக்கு நடந்தது. நின்றுபோன நம் கச்சேரி வேனுக்கு மெக்கானிக்கை எழுப்பப் போன டிரைவர் கொடுமுடியிலிருந்து திரும்ப எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். கிட்ட வந்து உட்காருங்கள். அஃபான், அந்தக் கிட்டாரைத் தடவிக்கொண்டே இருக்காதே, எரிச்சலாக வருகிறது. உறையில் போடு. ம்... இப்போது கேள்.

தங்கச்சி பெயர் மோகனப்பிரியா. வீட்டுக்காரர் சசிதர். கிட்டார் வாசிப்பவர். நான் இரண்டு கச்சேரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரிதம் பேட் வாசித்திருக்கிறேன். மோதிர விரலைக் கம்பி மேல் இழுத்துக்கொண்டு போவார் பாருங்கள், எனக்கு முதுகு சிலிர்க்கும். பொறாமையாகவும் இருக்கும், பொய் சொல்வானேன்.

அவர் அப்பா குமாரசாமிக்குத் தோப்புக்குள்ளேயே தென்னை நார் மில். மட்டையை உள்ளே தள்ளினால், பல் வைத்த உருளை கிழித்து நாராகத் துப்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் வரவில்லை. மட்டை சிக்கிக்கொண்டது. மெஷினை நிறுத்தினால் மறுபடி வேகம் பிடிக்க நேரமாகும் என்று யாரும் நிறுத்துவதில்லை. அன்று மெஷினில் நின்ற சசிதரும் நிறுத்தவில்லை. கையை விட்டார். இடது கை... கம்பியை அழுத்துகிற கை. மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன.

ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு தேடினார்கள். டார்ச் அடித்து, நாரை உதறி உதறிப் பார்த்தார்கள். இரண்டும் கிடைக்கவே இல்லை.

அதற்கப்புறம் ஒரு வருஷம் அந்த மனுஷன் பட்ட பாடு சொல்லி மாளாது. கையை மாற்றிப் பிடித்துப் பார்த்தார். இருக்கிற இரண்டு விரலை வைத்து வாசித்துப் பார்த்தார். ஒரு நாள் கிட்டாரைத் தூக்கித் திருப்பூரில் இருக்கும் சித்தப்பா பையனிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் டிவியில் பாட்டு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாராம்.

பிறகு லேப்டாப் வந்தது. கூடவே ஒரு கிட்டார் சாஃப்ட்வேர்.

பாட்டுப் பாடுகிறவர்களுக்கு இது தெரியாது, சொல்கிறேன். யாரோ ஒருத்தர் கிட்டாரின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக ரெக்கார்ட் செய்து உள்ளே வைத்திருப்பார். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் கிட்டாராகக் கேட்கும். கேட்கும்... ஆனால் உயிர் இருக்காது. நிஜக் கை அடித்தால் ஆறு கம்பியும் ஒரே நேரத்தில் ஒலிக்காது. ஒன்றன்பின் ஒன்றாக, கண் இமைப்பதற்குள் சரிந்து வரும். ஒரே ஸ்வரத்தை நாலு தடவை மீட்டினால் நாலும் நாலு விதமாக இருக்கும். சாஃப்ட்வேரில் நாலும் அச்சு அசலாக ஒன்று. அதோடு கீபோர்டுக்காரன் பத்து விரலையும் பரப்பி, பல ஸ்வரத்தை ஒன்றாக அழுத்தி ஒரு கார்டு பிடிப்பான். கிட்டாரில் அது மனுஷன் கைக்கு எட்டவே எட்டாது. கேட்கிறவனுக்குக் காரணம் தெரியாது, ஆனால் காது கண்டுபிடித்துவிடும்.

சசிதர் இதையெல்லாம் சரி செய்தார். வெறி பிடித்த மாதிரி உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் மவுசால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். ஒரு கார்டு கைக்கு எட்டுமா எட்டாதா என்று மேஜை விளிம்பில் இடது கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். இல்லாத விரல்களையும் சேர்த்துத்தான்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கேட்கிற யாராவது ஒருத்தர், இந்தக் கிட்டாரை வாசித்தது யார் என்று கேட்க வேண்டும். நான்தான் என்று அவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தூக்கத்தில்கூட அதையே முனகுவாராம். காந்திபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் அம்மன் பாட்டு ஆல்பம் செய்துகொண்டிருந்தார்கள். தான் செய்ததை இரண்டு தடவை அனுப்பினார். இரண்டு தடவையும் "கீபோர்டுங்களா?" என்று கேட்டார்கள். இரண்டாவது தடவை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அழுதார் என்று மோகனப்பிரியா சொன்னாள். வாய்விட்டு, குழந்தை மாதிரி.

அந்த வாரம்தான் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடைத்தது. விபத்துக்கு முன்னால் வீட்டில் பழகும்போது பதிவு செய்துவைத்தது. போட்டுக் கேட்டார். வாசிப்பை அல்ல, வாசிப்புக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை. தடித்த கம்பி மூன்றிலும் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். விரல் இடம் மாறும்போது அதில் 'கீச்'சென்று ஒரு உரசல் வரும். ரெக்கார்டிங்கில் நாமெல்லாம் அதை எப்படிக் குறைப்பது என்று பார்ப்போம். இவர் அதைத்தான் தேடினார். போன இரண்டு விரல்களின் உரசலாகப் பொறுக்கி, ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். நூற்று நாற்பது துண்டு. சாஃப்ட்வேர் கிட்டாரின் ஸ்வரங்களுக்கு நடுவே ஒட்டினார்.

உயிர் வந்துவிட்டது. நான் கேட்டேன். கண்ணை மூடினால் ஆள் எதிரில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது.

அதை அனுப்பியதும் ஸ்டூடியோவிலிருந்து போன் வந்தது. யாருங்க வாசித்தது, ஒருதரம் நேரில் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். நான்தான் என்றார். அவர் கையைப் பற்றி அவர்களுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. இல்லாத இரண்டு விரல்களின் நுனியும் எரிந்தன. ரொம்ப நேரம் கம்பியை அழுத்தினால் எரியுமே, அந்த எரிச்சல். வெட்டுப்பட்டவர்களுக்கு அப்படி இருக்கும், நரம்பு சமாச்சாரம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் இவருக்கு அந்த வலியில் சந்தோஷம். பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "வந்துருச்சு அம்மணி, திரும்ப வந்துருச்சு" என்று கையைத் தூக்கிக் காட்டினாராம். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலைந்து நாள் கழித்து, இவர் ஒட்டாத இடத்திலெல்லாம் உரசல் கேட்டது. அழித்தார். மறுநாள் அதே இடத்தில் இருந்தது. சாஃப்ட்வேரையே எடுத்துவிட்டு மறுபடி போட்டார். அப்போதும் இருந்தது. பயப்பட வேண்டியவர் பயப்படவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார். சோறும் இல்லை, குளியலும் இல்லை.

அப்போதுதான் அந்த ஏரியாவுக்கு மாதாந்திர ஷட் டவுன் நாள் வந்தது. காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை கரண்ட் கிடையாது. மில் ஓடாது, ஆட்களுக்கு லீவு. குமாரசாமி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். மோகனப்பிரியா கடைக்கு போன் செய்தாள். அழவில்லை. தணிந்த குரலில் பேசினாளாம்.

"அண்ணா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. அவரு கதவத் தொறக்க மாட்டீங்கறாரு. லேப்டாப் சார்ஜ் எறங்கிப்போச்சு, இன்வெர்ட்டரும் பன்னெண்டு மணிக்கே நின்னுபோச்சு. உள்ள கிட்டார் மட்டும் நிக்கலீங்ணா."

நீங்கள் கேட்கப்போவதை நானும் கேட்டேன். போனில் ஓடியிருக்கலாமே என்று. அவர் போனும் மோகனப்பிரியாவிடம்தான் இருந்தது.

அதனால்தான் மூன்று மணிக்கு சபரீஷ் அந்தப் பாதையில் போனான். எப்போதும் அந்த இடத்தில் மில் இரைந்துகொண்டிருக்கும். அன்று ஒரு சத்தம் இல்லை. காற்றும் இல்லை. குழியில் ஊறுகிற மட்டையின் அழுகல் வாசம் மட்டும் மூக்கைப் பிடித்தது. வாசலில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தான்... கேட்டது. மெதுவாக. ஒரு கார்டு... ஒரு உரசல்... இன்னொரு கார்டு.

கதவை மூன்று உதையில் திறந்தான். உள்ளே நார் பொசுங்கின வாசம். லேப்டாப் கறுப்பாகக் கிடந்தது. சசிதர் மேஜை விளிம்பில் இடது கையை வைத்து உட்கார்ந்திருந்தார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தோல் உரிந்து, மேஜையெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. அழுத்தி அழுத்தி அப்படி ஆகியிருந்தது. சபரீஷ் கிட்டே போய்க் குனிந்தான். சத்தம் லேப்டாப்பிலிருந்து வரவில்லை. மேஜையிலிருந்தும் வரவில்லை. அந்தக் கையில் விரல் இல்லாத இடத்திலிருந்து வந்தது.

சசிதர் நிமிர்ந்து பார்த்தார். கண் குழி விழுந்திருந்தது.

"அதுக ரெண்டும் நல்லாத்தான் வாசிக்குதுங்க மச்சான். இந்த ரெண்டுனாலதான் கூடப் போக முடியல. இதுகளையும் அங்கயே அனுப்பிப்போட்டா நாலும் ஒண்ணாச் சேர்ந்துரும்."

வலது கையில் மில் சாவி இருந்தது. நாலு மணிக்குக் கரண்ட் வரும் என்று அவருக்கும் தெரியும். சபரீஷ் மணி பார்த்தான். மூன்று இருபது.

அதற்குப் பிறகு அவன் பேசிக்கொண்டு நிற்கவில்லை. சாவியைப் பிடுங்கித் தங்கச்சியிடம் எறிந்து, பக்கத்துத் தோட்டத்தில் போய் இருக்கச் சொன்னான். மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து பைக்கின் பின்னால் உட்காரவைத்தான். குதித்துவிடுவாரோ என்று, இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டினான். அவர் முரண்டு பிடிக்கவில்லை. விடுங்க மச்சான், விடுங்க மச்சான் என்று கெஞ்சினார், அவ்வளவுதான்.

தோப்பைத் தாண்டும்போது கிட்டார் சத்தம் நின்றுவிட்டது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. சசிதர் இடது கையை அவன் விலாவில் வைத்துப் பிடித்துக்கொண்டார். பயத்தில் பிடிக்கிறார் என்று நினைத்தான். பிடி இறுகியது. விட்டது. கொஞ்சம் தள்ளி மறுபடி இறுகியது. விட்டது.

பொள்ளாச்சி வருவதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. கார்டு மாற்றுகிறார். ஆள்காட்டி விரல் தெரிந்தது. நடுவிரல் தெரிந்தது. அதற்குக் கீழே... இன்னும் இரண்டு. சட்டைக்கு மேலேயே நகம் பதிகிற மாதிரி, அந்த இரண்டும்தான் அதிகமாக அழுத்தின. அவன் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வண்டியோடு லாரிக்குள் போயிருப்பேன் என்றான்.

கிணத்துக்கடவு பேக்கரியில் நிறுத்தித் துண்டை அவிழ்த்தான். மணி நாலு பத்து. கடை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சசிதர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வலி இல்லீங்க மச்சான்" என்றார். "ரெண்டும் எறங்கிப் போயிருச்சு."

நல்லது என்றுதானே நமக்குத் தோன்றும்? அந்த மனுஷன் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி பேக்கரி பெஞ்சில் சாய்ந்து அழுதார். டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சபரீஷ் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். இப்போது சசிதர் சாப்பிடுகிறார், தூங்குகிறார், தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். லேப்டாப் பக்கம் போவதில்லை. யாராவது பாட்டைப் பற்றிப் பேசினால், அதெல்லாம் முடிந்துபோயிற்றுங்க என்கிறார்.

அன்று ராத்திரி லாட்ஜில் சபரீஷ் சட்டையைக் கழற்றி என்னிடம் காட்டினான். இடது விலாவில், கடைசி எலும்பின் மேல், வரிசையாக நாலு தடம். மேலே இரண்டு சிவப்பு. கீழே இரண்டும் கன்றிப்போய் நீலம். சிவப்பு இரண்டும் மூன்று நாளில் மறைந்துவிட்டன.

நீலம் இரண்டும் போகவில்லை. எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் மறுபடி காட்டினான். அந்தத் தடங்கள் மூன்று எலும்பு தாண்டி மேலே ஏறியிருக்கின்றன. கிட்ட வந்து காது வைத்துக் கேள் என்றான்.

நான் வைக்கவில்லை.