ஆறாம் பக்கத்துப் படம்

டேப்பை இங்க குடு, மெரெட்டே. நீ பெட்டியை ஒட்டற லட்சணத்துக்கு, பாலம் தாண்டி உங்க ஊரு ஒடென்ஸ் போறதுக்குள்ள புத்தகமெல்லாம் காருக்குள்ள சிதறிடும். நீ உக்காரு. கேக் எங்கயும் ஓடிடாது. கீழ போய்ப் பாத்தேன், மேசை பூரா சின்னச் சின்னதா டென்மார்க் கொடி நட்டு வச்சிருக்காங்க, என்னமோ உனக்குப் பொறந்தநாள் கொண்டாடற மாதிரி. ஒரு ஆளை வெளிய அனுப்பறதுக்குக் கொடி! பத்திக்கிட்டு வருது எனக்கு.

உங்க அம்மா வந்துட்டாங்க. நல்லா நனைஞ்சுட்டாங்க பாவம். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, டிட்டே, நீயாவது சொல்லும்மா, இவ இந்த ஆர்ஹூஸ் யுனிவர்சிட்டியில ரெண்டு வருஷமா என்னதான் பண்ணினான்னு கேட்டாங்க. ஒரு புரோகிராமை ஓட்டிப் பாக்காமலேயே, அதோட எழுத்தை மட்டும் படிச்சு, இது எங்கயும் தப்பாப் போகாதுன்னு சத்தியம் பண்றதுதான் எங்க வேலைன்னேன். ஓட்டியே பாத்துடலாமேன்னாங்க. சிரிக்காதடி, நல்ல கேள்விதானே அது. ஆயிரம் தடவை ஒழுங்கா ஓடிட்டு அடுத்த தடவை கவுத்துடுமே, அதுக்குத்தான்னேன். உங்க பொண்ணு ஒரு புது மொழியே செஞ்சா, அதுல எழுதினா அந்த மாதிரி கவுக்காதுன்னு கணக்குப் போட்டு நிரூபிச்சான்னும் சொன்னேன்.

அப்புறம் எதுக்கு அனுப்பறாங்கன்னாங்க. பெட்டி ஒட்டணும்னு சொல்லிட்டு மேல ஓடி வந்துட்டேன்.

நீ என்னத்தைச் சொல்லியிருப்ப? எங்கிட்ட திறமை பத்தலம்மான்னு சொல்லியிருப்ப. தெரியுமே எனக்கு. மூணு வருஷம் முன்னாடி ஒடென்ஸ்லேர்ந்து, இந்த மொழியைப் பத்தி ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பின. எழுதினது யாருன்னு, போடலாமா வேண்டாமான்னு படிச்சுச் சொல்றவங்களுக்குத் தெரியக்கூடாது, படிச்சது யாருன்னு எழுதினவங்களுக்குத் தெரியக்கூடாது. நியாயமாம்! என்ன நியாயம்? முகத்தைக் காட்ட வேண்டாம்னா யாரும் எதையும் எழுதலாம். திரும்பத் திரும்ப ஓடற ஒரு லூப்புக்குள்ள இன்னொரு லூப் வந்தா நிரூபணம் நிக்காது, எட்டாம் படியில ஓட்டைன்னு ஒரு ஆளு எழுதி அனுப்பிச்சு. மூணே வரி, கட்டுரை திரும்பி வந்துடுச்சு. நீ அந்த மூணு வரியை மடியில கட்டிக்கிட்டு இங்க வந்த. ரெண்டு வருஷமா அதை அடைக்கறேன் அடைக்கறேன்னு உக்காந்திருந்த. கிறிஸ்துமஸுக்குக்கூட வீட்டுக்குப் போகல. கட்டுரை வரல, அதனால வேலையை நீட்டிக்கல, திங்கள்கிழமையிலேர்ந்து ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனியில யாரோ எழுதின பழைய புரோகிராமைத் தட்டிக் கொட்டப் போற.

அந்த ஆளு மேல உனக்குக் கோவமே வரலையா?

என்ன, சொன்னது சரிதானேவா? இப்படிச் சொல்லிச் சொல்லித்தான்டி நீ...

சரியில்ல மெரெட்டே. ஓட்டையே கிடையாது.

எந்திரிக்காத. கேளு. ஆறாம் பக்கத்துல உன் மொழியோட விதியெல்லாம் வரிசையாப் போட்டு ஒரு பெட்டிப் படம் இருக்குல்ல. எல்லார் கட்டுரையிலயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கும், நம்ம ஆளுங்க ஒருத்தரும் படிக்கறதில்ல, தாண்டிக் குதிச்சு நேரா நிரூபணத்துக்குப் போயிடுவோம். அதுல கடைசி வரியைப் பாரு. உள்ள இருக்கற லூப், வெளி லூப் வச்சிருக்கற பொருளைத் தொடக்கூடாதுன்னு நீயே தடை போட்டிருக்க. அனுப்பற அன்னிக்கு அவசரத்துல சேத்திருப்ப, நீயே மறந்துட்ட. அந்த ஆளு காட்டின உதாரணத்தை உன் மொழியில எழுதவே முடியாது. புரோகிராமைச் சோதிக்கற நம்ம கருவி இல்லாத தப்பை இருக்குன்னு கத்தினா ஒரு க்ளிக்ல தள்ளிட்டுப் போறோம். ஒரு மனுஷி கத்தினா ரெண்டு வருஷம் போயிடுது.

நெஜமாத்தான். இந்தா, நீயே பாரு. கடைசி வரி.

எப்பப் பாத்தேனா? போன வருஷம் பிப்ரவரியில.

ஆமா. பதினாறு மாசம்.

சொல்லியிருக்கணும். இந்த ஏப்ரல்ல என் தீசிஸ் இருந்துச்சு, அது முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சுது, பட்டமும் வந்துச்சு, அப்பவும் வாய் வரல. நீ போர்டுக்கு முன்னாடி நின்னு, இன்னும் ரெண்டு வாரம் டிட்டே, அடைச்சிடுவேன்ன. நான் உனக்குச் சாக்பீஸ் எடுத்துக் குடுத்துக்கிட்டு நின்னேன்.

என் தீசிஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா கேக்கற?

சரிபாக்கச் சொல்லி நம்ம புரொபசர் தோர்கில்லுக்கு வர்ற கட்டுரையெல்லாம் யார் படிக்கறாங்கன்னு உனக்குத் தெரியாதா என்ன. நீ படிச்சு எழுதிக் குடு, என் பேர்ல அனுப்பிடறேன்னு தள்ளி விட்டுடுவார். எனக்கும் தள்ளினார். அப்ப நான் இங்க சேந்து ஏழு மாசம். கோபன்ஹேகன் ரயில்ல வச்சுப் படிச்சேன், படத்தைத் தாண்டிட்டேன். மூணு வரி எழுதினேன். கடைசியில ஒரு கேள்வி இருக்கும்ல, இந்த விஷயம் உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு, நாலு கட்டம் குடுத்திருப்பாங்க. அவர் பேர்ல போறதுதானேன்னு நான் நிபுணர்னு போட்டேன்.