என் பெயர் ஒட்டிய குழாய்

ரத்தம் எடுப்பதில் என் கை லேசு. ஊசி ஏறியதே தெரியவில்லை என்று நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். ஆய்வகத்தில் ஐந்து வருடமாக இருக்கிறேன். யாருடைய ரத்தமோ, அவர் எதிரிலேயே குழாயில் பெயரை ஒட்ட வேண்டும் என்பது விதி. ஒரே ஒரு நாள்தான் தவறினேன். அந்த நாளைத்தான் கேட்கிறீர்கள்.

அம்மாவும் அப்பாவும் விபத்தில் இறந்தபோது எனக்குப் பத்து மாதம். ஆதரவற்ற குழந்தைகள் விடுதியில் வளர்ந்தேன். போன வருடம் மாலை வகுப்பில், குடும்பத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். எனக்கு இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. அதனால்தான் பெரியம்மாவைத் தேடிப் போனேன். அம்மாவின் கல்யாணத்தோடு அவர்களுக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது.

பெரியம்மா அழுதார். "அப்பவே உன்னைத் தூக்கிட்டு வந்திருக்கணும்மா. வீம்பு," என்றார். எனக்கு அதில் கோபம் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவருடைய மகள் எனக்கு அக்கா முறை. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அம்மாவைப் பற்றி எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்வாள். கல்யாணத்துக்கு முன் அம்மா அந்த வீட்டில்தான் இருந்தாளாம். அக்காவுக்கு ஆறு வயதாகும்வரை குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது எல்லாம் அம்மாதான். நான் ஞாயிறுதோறும் போய் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

"சித்தி தூங்க வைக்கும்போது காது மடலைத் தடவிக்கிட்டே இருப்பாங்க. உனக்கும் செஞ்சிருப்பாங்க. ஞாபகம் இல்ல?" என்று ஒருநாள் கேட்டாள்.

பத்து மாதக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கும். வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். அவளுக்கு ஆறு வருடம், எனக்குப் பத்து மாதம். சரிதானா என்று மறுபடியும் பார்த்தேன்.

சிறுநீரகம் தருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டார். அக்கா சிரித்தாள். "பென்சில் மாதிரி குடுத்துட்டுத் திருப்பிக் கேக்கக்கூடாதுடி."

அப்போது தரத்தான் நினைத்தேன். பரிசோதனைக்காக என் கையில் நானே ஊசியைக் குத்தப் போகும்போதுதான் தோன்றியது: அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது இந்த உடம்பு ஒன்றுதான். இதிலும் அக்காவுக்குப் பங்கா?

எங்கள் இருவருக்கும் ஒரே ரத்த வகை. அன்று காலை வந்த ஓர் ஓட்டுநருக்கு அக்காவுக்குப் பொருந்தாத வேறு வகை. அவருடையதில் மிச்சமிருந்ததைப் புதுக் குழாயில் விட்டு என் பெயரை ஒட்டினேன். பொருந்தவில்லை என்று அறிக்கை வந்தது.

"குடுக்கறேன்னு சொன்னியே, அதுவே போதும். அழாதடி," என்று அக்காதான் என்னைத் தேற்றினாள். உண்மையாகவே அழுதேன். நாலு மாதத்தில் அவள் இறந்துபோனாள்.

ஊழியர் கோப்பில் என் ரத்த வகை எழுதியிருப்பதை நான் யோசிக்கவில்லை. மேலாளர் கண்டுபிடித்துவிட்டார். இதில் எதுவும் விடுபடவில்லை என்றே நினைக்கிறேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள். இப்போது பெரியம்மா வீட்டில், அக்காவின் அறையில்தான் இருக்கிறேன். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே ஒரு மகளைப் பறிகொடுத்தவர். இன்னொரு மகளையும் அவரிடமிருந்து பிரிப்பதற்கு எப்படித்தான் மனசு வரும்?