அந்தப் பக்கம் எடுக்கவில்லை

போனை எடுத்ததும் "யாரு?" என்று அதட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வேலைக் குணம் இன்னும் போகவில்லை. நீங்கள் எடுத்ததும் வணக்கம் சொல்லி, என்ன புகார் என்று பதமாகக் கேட்டீர்கள். அதனால் சொல்கிறேன்.

எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கேயோ கேபிள் அறுந்து லைன் செத்துக் கிடக்கும். வெளியூருக்குப் பேசக் காத்திருப்பவரிடம் அதைச் சொல்லக் கூடாது. சூப்பர்வைசர் அம்மா நான் சேர்ந்த அன்றே காதில் போட்டுவிட்டார்: "லைன் இல்லேன்னா நம்மளத்தான் திட்டுவாங்க. அந்தப் பக்கம் எடுக்கலைன்னு சொல்லிடு. அப்புறம் அவங்களுக்குள்ள அடிச்சுக்குவாங்க." அப்படியே சொல்லிப் பழகினேன். எத்தனை புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நாங்கள் காரணமோ என்று டீ குடிக்கும்போது சிரித்துக்கொள்வோம்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் ஒரு போன் கம்பெனியில் டவர்களைக் கவனிக்கும் பிரிவுக்குத் தலைவனானான். சின்னவள் பஸ் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே மேட்டுத்தெருவில் குடியிருந்தாள். "ஊருக்கெல்லாம் டவர் வைக்கிற. உன் தங்கச்சி ஜன்னல்ல தொத்திக்கிட்டுப் பேச வேண்டியிருக்கு" என்று அண்ணனை வம்புக்கு இழுப்பாள். "உன் வாய்க்கு டவர் வேறயா? சும்மா கத்து, இங்க வரைக்கும் கேக்கும்" என்பான் அவன்.

போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். வயிற்றுப் பிள்ளையோடு. பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அந்தத் துக்கம் ஆறுவதற்குள் பெரியவனைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்தார்கள். எல்லா போன் கம்பெனிகளையும் தட்டிக் கேட்கிற பதவி. நியமனத்துக்கு முன்னால் ஒரு குழு விசாரிக்கும். ஆட்சேபம் இருப்பவர்கள் சொல்லலாம். ஒரே ஒருவர்தான் சொன்னார். என் மாப்பிள்ளை. அன்று டவர் செத்துக் கிடந்தது, தன் மனைவியால் யாரையும் உதவிக்குக் கூப்பிட முடியவில்லை, அதற்குப் பொறுப்பானவருக்கு இந்தப் பதவி கூடாது என்றார்.

பெரியவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. விசாரணையன்று கார் மட்டும் அனுப்பினான்.

குழுத் தலைவி நல்ல மாதிரி. எனக்கு நாற்காலி போடச் சொன்னார். "அம்மா, உங்க பொண்ணு போன் பண்ணிப் பாத்தாங்களா?"

"பண்ணினா."

"லைன் கெடச்சுதா?"

"கெடச்சுது. மணி போச்சு. எனக்கே கேட்டுது."

"யாருக்குப் பண்ணாங்க? ஆம்புலன்ஸுக்கா?"

"இல்லைங்க, அவ புருஷனுக்கு. வந்துருவாருன்னு திரும்பத் திரும்ப அடிச்சா. அந்தப் பக்கம் எடுக்கலை."

என் குரல் பிசிறவில்லை. பழகிய வாக்கியம்.

பொய் சொல்கிறாள் என்று மாப்பிள்ளை கத்துவார் என நினைத்தேன். அவர் கத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். "மிஸ்டு கால் எதுவும் வரலையே" என்றார். கம்பெனியிலிருந்து வந்திருந்த ஒருவர், "சில நேரம் காட்டாதுங்க" என்று தணிவாகச் சொன்னார். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"அத்தை, நெஜமா மணி போச்சா?"

"போச்சு மாப்பிள்ளை."

"பஸ் சத்தத்துல எனக்குக் கேக்கலையே அத்தை."

அங்கேயே ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பெற்றவள் இதில் போய்ப் பொய் சொல்வாளா என்று எல்லோரையும்போல அவரும் நினைத்திருக்க வேண்டும்.

நடந்தது என்ன என்றுதானே கேட்கிறீர்கள். மணி போகவில்லை. மழையில் கரண்ட் நின்றதும், பேட்டரியில் ஓட வேண்டிய டவரும் நின்றது. ஆம்புலன்ஸுக்கு அடித்தாள், அவருக்கு அடித்தாள், அண்ணனுக்கும் அடித்தாள். அந்த உடம்போடு ஜன்னலில் ஏறப் பார்த்தாள். நான்தான் பிடித்து இறக்கினேன். அக்கம்பக்கத்தில் கதவு தட்ட ஓடலாமென்றால், என் கையை விடவில்லை. ரத்தம் நிற்கவே இல்லை. கடைசியில், "அம்மா, அண்ணன்கிட்ட சொல்லும்மா, இங்க லைனே இல்லைன்னு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்தால் சரிசெய்துவிடுவான் என்ற நம்பிக்கையில் சொன்னாள்.

அவனிடம் சொன்னேன். காரியம் முடிந்து எல்லோரும் போய் வீடு வெறிச்சோடிய பிறகு சொன்னேன். "அந்த டவர் பேட்டரிய நான்தாம்மா கழட்டச் சொன்னேன். வேற எடத்துல அவசரமாத் தேவைப்பட்டுச்சு. சீக்கிரமே திருப்பி வச்சிரலாம்னு இருந்தேன்" என்று என் மடியில் விழுந்து அழுதான். அவள் உயிர் போனதும் அதே மடியில்தான். ஒருத்தி போய்விட்டாள், இருக்கிற ஒருவனையாவது நான் காப்பாற்ற வேண்டாமா? மாப்பிள்ளையை நான் என்ன அடித்தேனா, வைதேனா? ஒரு வாக்கியம் சொன்னேன், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை இப்போது பஸ் ஓட்டுவதில்லை. சத்தம் இருக்கிற இடத்துக்கே போவதில்லை. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். பார்க்கப் போனால், "அத்தை, வீட்டுக்குப் போய் ஒரு தடவை அடிங்க. எனக்குக் கேக்குதான்னு பாக்கணும்" என்கிறார். அடிக்கிறேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுகிறார். "கேட்டுச்சு அத்தை" என்கிறார். அப்புறம் அழுகிறார். நான் வைத்துவிடுவேன்.

பெரியவனுக்கும் தினமும் அடிக்கிறேன். பதவி ஏற்றதிலிருந்து அவனுக்கு ஓயாத வேலை. மணி போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, தானாக நின்றுவிடுகிறது. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் பிள்ளை, நான் கூப்பிட்டு எடுக்காமல் இருப்பானா?

லைனில்தான் ஏதோ கோளாறு.