கந்தப்போடியைப் புதைத்த இடம்

கதிரையை இஞ்சால இழுத்துப் போடுங்க மிஸ், அங்கால வெயில் முகத்திலயே அடிக்கும். மகள் தக்ஷாயினி ஆமி முகாமுக்குத் தமிழ் படிப்பிக்கப் போயிட்டா. நல்லதாப் போச்சு. அவ வீட்டில இரிக்கக்குள்ள இதையெல்லாம் சொல்ல என்னால ஏலா.

நீங்க விசாரிக்க வந்தது சீதேவிப்பிள்ளை அக்காட விசயம். புருசன் கந்தப்போடி, கரடியனாற்றில வயல் செய்தவர். சண்டைக் காலத்தில சோதனைச் சாவடியில வச்சு ஆமிக்காரர் கூப்பிட்டு அவரை முகாமுக்குள்ள கொண்டு போனத அக்கா கண்ணால கண்டவ. மனிசன் திரும்பி வரல்ல. அந்த முகாமால பிள்ளையளைப் பறிகுடுத்த மத்தப் பொம்புளையள் பயத்தில வாயை மூடிக்கிட்டாங்க. இவ ஒராள்தான் முறைப்பாடு குடுத்திட்டு, பொட்டும் தாலியுமா அசையாம நிண்டா.

நான் நடத்துறது ஒரு சின்ன நிறுவனம். நம்மளை நேச நாடெண்டு சொல்ற ஒரு வெளிநாடு, நம்மட ராணுவத்துக்குப் பயிற்சி குடுக்கக் காசு ஒதுக்கிச் சட்டம் போட்டது. ஆமிக்காரருக்குத் தமிழ் படிப்பிக்கிறது, சனத்தோட மரியாதையா நடக்கப் பழக்கிறது, அந்தப் பங்கு எங்களுக்கு வந்தது. நல்ல சட்டம், குறை சொல்ல ஏலா. ஆளைக் காணாமல் ஆக்கினதெண்டு முறைப்பாடு கிடக்கிற படைப்பிரிவுக்குச் சதமும் குடுக்கப்படாதெண்டும் அதுக்குள்ளேயே போட்டிரிக்காங்க. அந்த முகாம் அதில மாட்டிக்கிட்டுது. ஒரு பொம்புளைட முறைப்பாட்டால எல்லாம் நிண்டு போற மாதிரி இரிந்துது. என்ட மகள்ட வேலையும்தான்.

ஆரும் என்னை ஏவல்ல. ஊரைப் போய்ப் பாத்து வாங்க எண்டுதான் அந்த நாட்டுத் தூதரகத்து ஆக்கள் சொன்னாங்க. நான் போய் அக்காட வாசல்ல குந்திக்கிட்டு, "அக்கா, இவ்வளவு நாளும் உங்களிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல்ல" எண்டன்.

அவ கையில இரிந்த விளக்குமாத்தைக் கீழ வச்சா.

"அத்தானை அண்டைக்குப் பின்னேரமே அவங்க விட்டுட்டாங்க. வாற வழியில ஷெல் விழுந்தது. நிவாரணச் சாமான் ஏத்தின றக்ரரை ஓட்டி வந்த நான்தான் கண்டன். பாலத்துக்கு அங்கால, மருத மரத்துக்குக் கீழ, என்ட கையாலதான் புதைச்சன்."

சண்டைக்குள்ள நான் றக்ரர் ஓடினது மெய். மத்தது எல்லாம் பொய்.

அவ லேசில நம்புற ஆளில்ல. "அவர்தான் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?" எண்டு கேட்டா. வலது கால் பெருவிரல்ல நகம் பாதி இல்ல, மண்வெட்டி பட்ட பழைய காயம் எண்டு சொன்னன். அந்த நகத்தைப் பத்தி என்ட மகளிட்டத்தான் அக்கா ஒரு நாள் சொல்லி அழுதிரிக்கா. மகள் வீட்ட வந்து என்னட்டச் சொல்லி அழுதா. எனக்கு அது அப்ப உதவிச்சுது.

சொல்லக்குள்ள வாய் கூசல்ல. இப்பதான் கூசுது. வெக்கமா இரிக்கு மிஸ்.

சத்தம் போட்டு அழுவா எண்டு நினைச்சன். அழல்ல. "வெயிலுக்க விடாம நிழல்ல வச்சயே மனே, நீ நல்லா இரிப்பாய்" எண்டு என்ட ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணில ஒத்தினா. மறுகா எழும்பிப் போய் முகம் கழுவினா. வரக்குள்ள நெத்தியில பொட்டில்ல.

ஐயரைக் கூப்பிட்டுக் கருமம் செய்தா. சாவுக்கு நான் சாட்சி சொன்னன். அவவே போய் முறைப்பாட்டை வாபஸ் வாங்கினா. முகாமுக்குப் பயிற்சி கிடைச்சுது. திவசத்துக்கு என்னைக் கூப்பிட்டு முதல் இலை போடுறா, நானும் போய்ச் சாப்பிடுறன். அவ இப்ப நித்திரை கொள்றாவாம். அதை நினைச்சுத்தான் நானும் படுக்கிறன்.

கந்தப்போடியைப் பிறகும் கன நாள் அந்த முகாமுக்குள்ள உயிரோட கண்டதெண்டு இப்ப ஒராள் சாட்சி சொல்றாராம் எண்டு சொன்னீங்க. இரிக்கும். நான் மறுக்கல்ல. தேடியிருந்தா என்னவும் தெரிஞ்சிரிக்கும். தேடாமப் பண்ணினது நான்தான்.

நீங்க கேக்காத ஒண்டையும் சொல்லி முடிக்கிறன். கருமம் முடிஞ்சு கொஞ்ச நாளால ஒரு பொம்புளை வந்தா. கையில மகன்ட படம், அவனும் அந்த முகாமுக்குள்ள போனவன்தான். "தம்பி, நீங்க றக்ரர்ல வரக்குள்ள என்ட புள்ளையையும் கண்டீங்களா?" எண்டு கேட்டா. அப்ப பயிற்சி தொடங்கிட்டுது. எனக்கு அதால ஒரு தேவையும் இல்ல. அவட முகத்தைப் பாத்திட்டு, ஓம் கண்டன் எண்டன். மறுகா அவட தங்கச்சிக்காரியும் அதே மாதிரிக் கேட்டு வந்தா. மறுகா ஏறாவூரால கைறுன்னிஸா எண்டு ஒரு தாய், "எங்கட முறைப்படி அடக்கினீங்களா?" எண்டு கேட்டா. ஓம், மக்கா இரிக்கிற கிப்லாப் பக்கம் முகத்தைத் திருப்பித்தான் வச்சன் எண்டு சொன்னன். இன்னும் வாறாங்க. ஒராளும் முறைப்பாடு குடுக்கல்ல, எல்லாரும் அழுது முடிச்சு வீட்ட போறாங்க.

அவங்களுக்குச் சொன்னதுக்கு நான் ஆரிட்டயும் ஒரு சதம் வாங்கல்ல மிஸ். அதை மறக்காம எழுதிக்கொள்ளுங்க.