செவ்வாய்க்கிழமை இறங்கிய படகு

ஓடுகிறோம். மழை. தேசப்பன் அண்ணன் என் முதுகில். அவர் தொடையிலிருந்து ரத்தம் என் கால் வழியாக இறங்குகிறது. பின்னால் ஓர் ஊதல். நீளமாக. அது நின்றதும் ‘டொம்’. மண் வந்து தலையில் விழுகிறது.

“டேய், குனிஞ்சிக்கினு ஓடுடா! வுழுவுதுடா!” என்று அண்ணன் கத்துகிறார்.

மன்ரோவியா. லைபீரியாவின் தலைநகரம். நானும் பெரியப்பா மகனான தேசப்பன் அண்ணனும் நகரியிலிருந்து போனவர்கள். ஊரில் விசைத்தறி ஓட்டினோம். அங்கே துறைமுகத்து அரிசிக் கிடங்கில் வேலை. சண்டை ஊருக்குள் வந்தது. கிடங்கின் மேல் குண்டு விழுந்தது. அண்ணன் தொடையில் இரும்புத் துண்டு. ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தில் இரண்டு தரப்பும் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் கடல்தான். கடல் என்றால் ஃபான்டிகள்.

ஃபான்டிகள் கானா நாட்டுக் கடற்கரைக்காரர்கள். மீன் போகும் இடமெல்லாம் போய்க் குடிசை போடுவார்கள். பிறந்த கிழமையே பெயர். வெள்ளியில் பிறந்தவன் கோஃபி. புதனில் பிறந்தவள் எகுவா. மீன் புகைக்கும் எகுவா எங்களிடம் அரிசி வாங்க வருவாள். விலை கேட்டு என்னைத் திட்டுவாள். திட்டிவிட்டுப் புகைமீன் கொடுத்துவிட்டுப் போவாள்.

கரைக்கு வந்தோம். படகுகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றும் இறங்கவில்லை. அன்று செவ்வாய். கடல் ஓய்வெடுக்கும் நாள். ஃபான்டி அன்று வலை போடமாட்டான். என்னால் சிரிக்க முடியுமா? எங்கள் வீட்டிலும் செவ்வாயில் நல்ல காரியத்துக்குக் கிளம்பமாட்டார்கள். கடலுக்கு ஓய்வுநாள் இருக்கிறது, பீரங்கிக்கு இல்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

படகுத் தலைவர் எகுவாவின் அண்ணன். கிழவர். முடியாது என்று தலையை ஆட்டினார். எகுவா விடவில்லை.

“படகு நம் அம்மாவுடையது! போறது மீனுக்கு இல்லை, மனுஷனுக்கு!” எனக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷில் கத்தினாள்.

கிழவர் கடலைப் பார்த்தார். அண்ணன் காலைப் பார்த்தார். சரி என்றார். ஆனால் வலை படகில் இருக்கக் கூடாது. வலையோடு போனால் மீன் பிடிக்கப் போவதாகக் கடல் நினைத்துக்கொள்ளும்.

படகு நிறைய வலை. நனைந்து கனத்துக் கிடக்கிறது. எகுவாவும் அவள் ஒரே பிள்ளை கோஃபியும் கீழே நின்று இழுக்கிறார்கள். கிழவரின் நான்கு மகன்களும் மேலிருந்து தள்ளுகிறார்கள். அவசரத்திலும் தள்ளியிருந்த மணல்மேட்டில் மடித்து மடித்துத்தான் வைக்கிறார்கள். படகுக்குள் அண்ணன் தொடையை நான் அழுத்திக்கொண்டிருக்கிறேன். கையை எடுத்தால் ரத்தம் பீய்ச்சுகிறது. போதும் வாருங்கள் என்று சொல்ல நான் யார்? அது அவர்கள் சாமி, அவர்கள் கடல்.

கடைசி மடிப்பும் இறங்கியது. மறுபடி ஊதல். மிகப் பக்கத்தில்.

“படு! படு!” கோஃபியின் குரல்.

வலைக் குவியல் மேலேயே விழுந்தது.

புகை கலைந்தபோது எகுவா இல்லை. கோஃபி இல்லை. கிழவர் இறங்கி ஓடிப் பார்த்தார். திரும்பி ஏறினார். மகன்கள் படகைத் தள்ளினார்கள். அந்தக் கரை சேரும்வரை மழைச் சத்தம், மோட்டார் சத்தம், அவ்வளவுதான்.

இப்போது நான் திருப்பதியில் இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் திருமலைக்குப் போகிறவர்களுக்கு அறைச் சாவி கொடுக்கும் வேலை. அண்ணன் நகரியில். சித்தூரில் அவருக்குச் செயற்கைக் கால் பொருத்தினோம். பாதி நாள் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

“என்னிய வுட்டுட்டு வந்திருந்தா அவங்க இந்நேரம் சோறு துன்னுக்கினு இருப்பாங்கடா” என்பார்.

கானா போகும் ஒருவரிடம் விசாரிக்கச் சொன்னேன். எந்த எகுவா, எந்த கோஃபி என்று கேட்டார். அங்கே புதனில் பிறந்த பெண்கள் ஊர் நிறைய. வெள்ளியில் பிறந்த ஆண்களும் அப்படியே. வேறு பெயர் எனக்குத் தெரியாது.

போனவை இவை. ஒரு வலை. அண்ணனின் வலது கால். எகுவா. கோஃபி.

கணக்கு அதோடு நிற்கவில்லை என்று பிறகுதான் புரிந்தது. ஃபான்டிகளுக்குக் குடும்பம் தாய்வழி. மகன் அவன் அம்மா வீட்டுக்காரன். ஒருவருக்குப் பின் வாரிசு அவர் அக்கா தங்கையின் பிள்ளைதான். கிழவருக்கு வேறு அக்கா தங்கை இல்லை. நான்கு மகன்களும் உயிரோடுதான் இருந்தார்கள். எங்களைக் கரை சேர்த்ததும் அவர்கள்தான். ஆனாலும் கிழவருக்குப் பின் அவர் வீட்டில் ஆள் இல்லை.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வீடு.