லாரிபாவின் முதுகுத்தண்டில் நான் போட்ட மருந்து

என் பெயர் சுஹுயினி, தந்தை பெயர் இத்ரிசு, வயது முப்பத்தாறு, தமாலே நகரில் குடியிருக்கிறேன், மயக்க மருந்து மருத்துவர். விசாரித்ததில் நான் சொல்வதாவது:

சென்ற சந்தை நாளன்று லாரிபா என்னும் விதவை, இரண்டு கால்களும் முறிந்த நிலையில் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். கொழுந்தன் இம்மோரோவின் மகன் காய்ச்சலில் இறந்ததற்கு இவருடைய சூனியமே காரணம் என்று சொல்லிச் சிலர் உலக்கையால் அடித்ததாக, அழைத்து வந்த பெண் கூறினார். வலி தணிக்கும் மார்ஃபின் மருந்து கையிருப்பில் இல்லை. அதன் பிறகு இம்மோரோ இரண்டு பெரியவர்களுடன் வார்டுக்குள் நுழைந்து, முறிந்த காலின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "அண்ணி, எம்புள்ளையத் தின்னது நீதான? சொல்லிடு, விட்டுடறோம்" என்றார். லாரிபா, "ஆமா, ஆமா" என்றார். நான் அவர்களை வெளியேற்றினேன்.

அதன் பிறகு லாரிபாவின் சம்மதத்துடன், முதுகுத்தண்டில் மெல்லிய குழாய் செருகி குளோனிடின் செலுத்தினேன். அது இரத்தக் கொதிப்புக்கும் கொடுக்கும் மருந்து. காலிலிருந்து வரும் நரம்புகள் வலியைத் தண்டுவடத்தில் சேர்க்க ரசாயனங்களைக் கசியவிடும். இம்மருந்து அந்தக் கசிவைக் குறைக்கும். இரத்த அழுத்தம் இறங்கும், சற்றுக் கண் சொருகும் என்பதால் பக்கத்திலேயே இருந்தேன். வலி தணிந்த பின் லாரிபா தன் ஊரையும் கிழமையையும் சரியாகச் சொன்னார், கூழில் இஞ்சி போதவில்லை என்று குறைப்பட்டார், அதன் பிறகு நான் கேட்காமலே, "டாக்டரம்மா, நான் யாரையும் கொல்லல. அவனுக்குக் காய்ச்சல் கொதிச்சப்ப ஈரத்துணி போட்டதே நாந்தான்" என்றார்.

மருந்தேற்றி லாரிபாவின் பேச்சை மாற்றிவிட்டதாக இம்மோரோ என்மேல் புகார் கொடுத்திருக்கிறார். மருந்தில்லாமல் சொன்ன முதல் சொல்லே செல்லும் என்று சார்ஜென்ட் என்னிடம் கூறினார். காலை முறித்து வாங்கிய சொல் கலப்பற்றதாம், வலி தணிந்து சொன்ன சொல் மருந்தின் சொல்லாம். வலியை ஏற்றியவருக்கு இந்தக் காவல் நிலையத்தில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். இறக்கிய நான் நின்றுகொண்டு பதில் சொல்கிறேன்.

என் வற்புறுத்தலின்பேரில் ஆய்வாளர் நேற்று வார்டுக்கு வந்து லாரிபாவை விசாரித்தார். அடித்தவர்களின் பெயர்களை லாரிபா சொன்னார். முதல் பெயர் இம்மோரோ.

மேலே கண்டதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: லாரிபா "ஆமா" என்றதற்கு எதிரே ஓரத்தில் எழுத்தர் 'ஒப்புதல்' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, 'கதறல்' என்று என் கையாலேயே எழுதிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சுஹுயினி இத்ரிசு